அப்பாவின் 16 போர் துப்பாக்கிக்கு இவ்வளவுதான் விலையா?

வணக்கம். அப்பா இறந்த பிறகு அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள கடையில் முறைப்படி ஒப்படைத்து வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் செய்தது, 16 போர் (bore, அதாவது குழலின் உள்விட்ட அளவு). எனக்கு லைசென்ஸ் இல்லை, எடுக்கும் எண்ணமும் இல்லை. சரி, விற்றுவிடலாம் என்று பார்த்தால் கடைக்காரர் சொன்ன விலை அதன் தோல்பெட்டிக்கே பத்தாது.

16 போருக்குத் தோட்டா கிடைப்பது கஷ்டம், எல்லோரும் 12 போர்தான் கேட்கிறார்கள் என்கிறார். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டாகக் குறைந்ததால் பலர் மூன்றாவதைத் தள்ளிவிட்டார்களாம். அப்புறம் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். பின்பக்க மரக்கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசல் வேறு. (அப்பா எண்ணெய் போடாத ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று அம்மா இன்னும் வாதாடுகிறார்.)

குழலுக்குப் புதிதாகக் கறுப்பு ஏற்றி, கட்டைக்குப் பாலிஷ் போட்டால் விலை ஏறுமா? அப்படிப் புதுசாக்கினால் சேகரிப்பவர்கள் தொடவே மாட்டார்கள் என்கிறார் ஒரு நண்பர். சமீபத்தில் 16 போர் விற்றவர்கள் இருந்தால், அது எந்த நிலையில் இருந்தது, என்ன விலைக்குப் போனது என்று சொல்லுங்கள்.