மூளைக்கட்டி: சீரியலில் காட்டுவது எவ்வளவு உண்மை?

கேள்வி (ஏற்காடு, நாகலூர்)

அப்பாவுக்குக் காபித் தோட்டத்தில் வேலை. போன வாரம் வேலை செய்யும் இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டார். சேலத்தில் எம்ஆர்ஐ எடுத்ததில் இடது பக்கம் கட்டி இருக்கிறது என்றார்கள். சீக்கிரமே ஆபரேஷன். இந்த நேரம் பார்த்து அம்மா பார்க்கும் சீரியலில் ஒருவனுக்கு மூளைக்கட்டி. மூக்கில் ரத்தம், மூன்று மாதம் என்று டாக்டர் கெடு வைக்கிறார், ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் பெண்டாட்டியையே யாரென்று கேட்கிறான். அம்மா சாப்பிடாமல் அழுகிறார். இதெல்லாம் நடக்குமா?

பதில் 1 (அம்மாப்பேட்டை)

தங்கச்சி, நான் நியூரோ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். மூக்கு ரத்தம் மூளைக்கட்டிக்கு வழக்கமான அறிகுறியே இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வலிப்பு, காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் சோர்ந்துபோவது, சுபாவம் மாறுவது, இவைதான் நாங்கள் பார்த்தவை.

கட்டி என்ன வகை என்று தெரியாமல் கெடு வைக்க முடியாது. மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோயே அல்ல. மூளைக்குள்ளேயே வளரும் கிளியோபிளாஸ்டோமா கடுமையான புற்று. கட்டியில் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியின் ரிசல்ட் வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும். நாடாப்புழுவால் வருவதும் காசநோய்க் கட்டியும்கூட ஸ்கேனில் புற்றுக்கட்டி மாதிரியே தெரியும். 2004-இல் வந்த 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் கதையே அதுதான்: கட்டி என்று சந்தேகப்பட்ட டீச்சருக்குக் கடைசியில் நாடாப்புழு. அந்த விஷயத்தில் அதை மெச்சுகிறேன். ஆனால் அதிலும் ஸ்கேன் எடுப்பது டாக்டர், பேஷண்ட் வீட்டில் போய்த் துழாவுவதும் டாக்டர். எங்களை மாதிரி ஆட்கள் கண்ணிலேயே படுவதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

ஏனென்றால் ஆபரேஷன் தியேட்டர் சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் எங்கள் வேலையே ஆரம்பம். மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்ப்போம். "பேர் சொல்லுங்க, இது எந்த ஊரு, என் விரலை அழுத்துங்க" என்று நடுராத்திரியிலும் எழுப்புவோம். தூங்க விடுங்களேன் என்று சொந்தக்காரர்கள் கோபப்படுவார்கள். உள்ளே ரத்தம் கசிந்தாலோ வீக்கம் கூடினாலோ முதலில் காட்டிக்கொடுப்பது அந்தப் பதில்கள்தான்.

வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு இடது பக்க மூளையில்தான். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து அப்பாவுக்குக் கொஞ்ச நாள் வார்த்தை தட்டலாம், பேர் வாயில் வராமல் போகலாம். அம்மா பேரைச் சொல்லத் தடுமாறினால், ஆளையே மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதை ஆபரேஷனுக்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

பதில் 2 (ஆத்தூர்)

எங்கள் அண்ணனுக்குக் கிளியோபிளாஸ்டோமா. சீரியலில் வராத இன்னொன்று கதிர்வீச்சு. இந்த வகைக்கு வழக்கமாக வாரம் 5 நாள், 6 வாரம், கூடவே டெமோசோலமைட் என்ற கீமோ மாத்திரை. முதலில் ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் இளக்கி முகத்தில் பதித்து முகமூடி செய்வார்கள். தலை அசையாமல் இருக்க அதைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். அண்ணன் முதல் நாள் ரொம்பப் பயந்தார். கதிர்வீச்சு தேவை என்றால் தினமும் ஏற்காட்டு வளைவுகளில் ஏறி இறங்க வைக்காதீர்கள், சேலத்திலேயே தங்க இடம் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்

அட்டை இருக்கிறது அண்ணா. அக்கா, வீட்டில் மறுபடி வலிப்பு வந்தால்? அன்றைக்குக் கையில் சாவிக்கொத்தைத்தான் கொடுத்தார்கள்.

பதில் 1 (அம்மாப்பேட்டை)

சாவி வேண்டாம், இரும்பால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. நாகலூருக்கு வண்டி வர நேரமாகும் என்பதால் தோட்டத்து ஜீப்புக்கும் சொல்லி வையுங்கள். வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருந்தால், தலைவலி போய்விட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். அதில் சர்க்கரை ஏறும். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா?