ஃபோர்க்லிஃப்ட் விபத்து: கம்பெனி பொறுப்பா, கான்ட்ராக்டர் பொறுப்பா?

ஒரகடத்துல ஒரு பார்ட்ஸ் கம்பெனியில என் தம்பி கான்ட்ராக்ட் லேபர். போன மாசம் நைட் ஷிஃப்ட்ல 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ்ல வந்து கால்ல ஏறிடுச்சு. கணுக்கால் உடைஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. ரிவர்ஸ் அலாரம் ஒயர் பிடுங்கித் தொங்குது. ஓட்டினவர் லோடிங் ஆள், டிரெயினிங்கே கிடையாது. நடக்கிற மஞ்சள் கோட்டு மேலயே பேலட் அடுக்கியிருக்கு, அப்புறம் எங்க நடக்கிறது?

ஹெச்ஆர் கான்ட்ராக்டரைக் கை காட்டுறாங்க. அவர் போனே எடுக்கல. ரெண்டு பேருக்கும் ரிஜிஸ்டர் தபால் போட்டாச்சு, பதில் இல்ல. இஎஸ்ஐ-ல சிகிச்சை நடக்குது. விபத்து அறிக்கை போகாததால பணம் நிக்குது. 48 மணி நேரத்துக்கு மேல வேலைக்கு வர முடியாத காயம்னா தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்கணும், அதையும் செய்யல.

கான்ட்ராக்டர் மூலமா ஆள் வச்சு வேலை வாங்குற முதன்மை முதலாளிங்கிற முறையில கம்பெனி மேலயே நேரடியா புகார் குடுக்கலாமா?