'நான் ஒரு விஞ்ஞானி': இதற்கு மதிப்பெண் கேட்பது சரியா?

தாவரவியல் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

எங்கள் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 31 பேர், ஆறு வாரம் கண்மாய்க் கரைத் தாவரங்களைக் கணக்கெடுத்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 'நான் என்னை ஒரு விஞ்ஞானியாகக் கருதுகிறேன்' என்ற வாக்கியத்துக்கு 1 முதல் 5 வரை குறிக்கச் சொன்னேன். ஏறும் என்று நம்பினேன். பாதிப் பேருக்கு மேல் இறங்கியிருக்கிறது.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. 4 என்று குறித்த ஒரு மாணவி, நீர்முள்ளியை முள் உடையாமல் உலர்த்தித் தாளில் ஒட்டியிருந்தாள். தாளில் ஒட்டும் விவரச் சீட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர்! "நீதானே பறித்தாய்?" என்றேன். "நீங்கள் சொல்லித்தானே மேடம் பறித்தேன்" என்றாள். அந்த 4-ஐ நான் எப்படி எடுத்துக்கொள்வது?

கல்வியியல் ஆய்வு மாணவர்

மேடம், இறங்கியதற்காக வருந்தாதீர்கள். விஞ்ஞானியின் வேலை என்னவென்று தெரியாமல் முதலில் குறித்தார்கள். சேற்றில் நின்று எண்ணிய பிறகு தெரிந்துகொண்டு குறித்திருக்கிறார்கள். இடையில் அளவுகோலே மாறிவிட்டது. அடுத்த முறை முடிவில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இப்போது எவ்வளவு, ஆறு வாரத்துக்கு முன் எவ்வளவு இருந்ததாக இப்போது தோன்றுகிறது? உங்களை மகிழ்விக்கக் கூட்டிப் போடுவார்கள் என்பதால், பெயருக்குப் பதில் அவரவரே வைத்துக்கொண்ட ரகசிய எண் போதும்.

கார்லோன், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் அறிவியல் அடையாளத்தை, அதாவது ஒருவர் தன்னை அறிவியலாளராக உணர்வதை, மூன்றாகப் பிரித்தார்கள்: பாடத்தில் தேர்ச்சி, அதைச் செய்துகாட்டுதல், அங்கீகாரம். அமெரிக்காவில் வெள்ளையரல்லாத 15 பெண்களின் அனுபவத்திலிருந்து எழுந்த ஆய்வு அது. உங்கள் மாணவிக்கு முதலிரண்டும் இருக்கின்றன. மூன்றாவதைத் தனியாகக் கேளுங்கள்: 'என் ஆசிரியர் என்னை ஆராய்ச்சி செய்பவளாகப் பார்க்கிறார்', 'என் வீட்டில் அப்படிப் பார்க்கிறார்கள்'.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

சொல்லே தடையாக நிற்கிறது, அம்மா. நம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானி என்றால் ராக்கெட், அப்துல் கலாம். கண்மாயில் செடி எண்ணுகிற பெண் அந்தச் சொல்லுக்குள் தன்னை எப்படிப் பொருத்துவாள்? சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், விஞ்ஞானியை வரைந்த 4,807 குழந்தைகளில் பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர்தான். அத்தனை பேரும் சிறுமிகள். வாக்கியத்தை அவள் செய்த வேலையிலிருந்து எடுங்கள்: 'நான் கண்டதை மற்றவர்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம்'.

தாவரவியல் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். இன்னும் ஒன்பது சீட்டுகளில் என் பெயர். மூன்றில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. எவரையும் திருத்தச் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் நான் சொல்லி எழுதியதாகிவிடும். ஐயா தந்த வாக்கியத்தைச் சேர்க்கிறேன். அடுத்த ஆண்டு முதல் வாரச் சீட்டுகளையும் கடைசி வாரச் சீட்டுகளையும் தனித்தனியாக வைத்து, யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணப்போகிறேன்.