உப்புத்தண்ணி ஓடின பழைய பிக்கப் தொட்டி: துருவும் ஒடுக்கும் எடுக்க எந்த வரிசையில் போகணும்?

கடலோரன்:

வண்டி 2006 மாடல் டாடா 207. தூத்துக்குடிப் பக்கம் மீன்பெட்டி ஏத்தி ஓடினது. ஐஸ் உருகின உப்புத்தண்ணி தொட்டியிலேயே நின்னு நின்னு இப்ப உள்ள நிலைமை:

தரை முழுக்க மேல்துரு, கேபின் பக்கம் பெயின்ட் கொப்புளம். பின்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு ரெண்டு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் குத்தினால் உள்ளே போகுது. கீழே குறுக்குச் சட்டம் ரெண்டில் பொருக்குப் பொருக்கா உதிருது. இடது சுவர் உள்ளேயிருந்து சரக்கு இடிச்சு ஒன்றரை அடி நீளத்துக்கு வெளியே பிதுங்கியிருக்கு. வலது பின்மூலை உள்வாங்கியிருக்கு. பின் டோர் நடுவில் அழுத்தினால் "டப்"னு உள்ளே போய், விட்டால் வெளியே வருது.

கையில் 4 இஞ்ச் கிரைண்டர், டிரில், ஒன்றரை ஹெச்பி கம்ப்ரஸர் இருக்கு. வெல்டிங்குக்கு ஆள் கூப்பிடலாம். ஒரு டிங்கர் "பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா 3 நாள் வேலை" என்கிறார் (பட்டின்னா பள்ளத்தை நிரப்புற பசை). இன்னொருத்தர் பழைய தரை மேலேயே செக்கர் பிளேட் (மேடு வரி உள்ள இரும்புத் தகடு) போட்டு மூடச் சொல்றார். ஆசிட் ஊத்தலாமா, எதை முதலில் செய்யணும், பட்டி பிரைமருக்கு முன்னாடியா பின்னாடியா?

பட்டறைவாசி:

செக்கர் பிளேட் யோசனையை முதல்லயே விட்டுடுங்க. 3 மி.மீ. பிளேட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ. தரை 4 சதுர மீட்டர்னு வச்சாலும் 100 கிலோ சும்மா சுமக்கும். அதைவிட மோசம், ரெண்டு தகட்டுக்கு நடுவில் உப்புத்தண்ணி போய் உட்கார்ந்தா வெளியே வர வழியே கிடையாது. மேலே பளபளன்னு இருக்கும், அடியில் தரை கரையும்.

மீன் வண்டியில் துரு பாதிப் பிரச்சினைதான், மீதி உப்பு. துருக்குழியோட அடியில் குளோரைடு தங்கிடும். அதை வச்சுக்கிட்டு மேலே எவ்வளவு விலையுள்ள பிரைமர் அடிச்சாலும் ஒரு மழைக்காலம் தாண்டினதும் கொப்புளம் கட்டும். இதுதான் 3 நாள் வேலைக்காரர் சொல்லாம விடுற விஷயம்.

தொட்டியைச் சேஸ்லேர்ந்து இறக்குங்க. இறக்காம குறுக்குச் சட்டத்தோட மேல்முகத்தைப் பார்க்கவே முடியாது, உங்க வண்டியில் நோய் அங்கதான். தொட்டியைச் சேஸோட பிடிக்கிற யூ-கிளாம்ப் நட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் விடுங்க. சுத்தாத நட்டை மல்லுக்கட்டாம கிரைண்டரால் அறுத்துட்டு, சேர்க்கும்போது புது கிளாம்ப் போடுங்க. தொட்டிக்கும் சேஸுக்கும் நடுவில் கட்டையோ ரப்பரோ இருந்தா அதைத் திரும்பப் போடாதீங்க. அது உப்பு குடிச்சு ஊறிக் கிடக்கும். டெயில் லைட் ஒயரைக் கழட்ட மறந்து தூக்கினா அறுந்துடும்.

இறக்கினதும் முதல் வேலை கழுவுறது. நல்ல தண்ணி, பிரஷர் வாஷர். உப்பு போர்த் தண்ணியில் கழுவினா கழுவாம விட்டதே மேல். அப்புறம் பொருக்கை உளியும் சுத்தியலும் வச்சுத் தட்டி உதிர்த்துட்டு, கூரான சென்டர் பஞ்சால் ரெண்டு இஞ்சுக்கு ஒரு இடம் தட்டிப் பாருங்க. நல்ல தகடு "டிங்"னும், செத்த தகடு மொத்தையா சத்தம் கொடுத்துக் குழி விழும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்குங்க.

மேல்துருவுக்குக் கம்பி கப் பிரஷை மட்டும் நம்பாதீங்க. அது துருவை எடுக்காது, மெருகு ஏத்தும். பிரஷ் போட்ட இடத்தில் கறுப்பா மினுங்குறது இரும்பு இல்லை, அழுத்தி வழவழப்பாக்கின துரு. பெயின்ட் எடுக்க நார் டிஸ்க். துருவுக்கு 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கை (உப்புத்தாள் மடல் அடுக்கின டிஸ்க், நம்பர் குறைஞ்சா சொரசொரப்பு கூடும்) ஒரே இடத்தில் நிறுத்தாம ஓட்டுங்க. 40 நம்பர் போட்டு அழுத்தினா தகடு மெலிஞ்சு, நீலம் பாய்ஞ்சு, சூட்டில் நெளிஞ்சுடும்.

குழிக்குள்ள உள்ளதுக்கு ஆசிட். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக், குளோரைடை எடுக்க வேண்டிய இடத்தில் இன்னும் குளோரைடைக் கொட்டுது. பக்கத்தில் வச்ச ஸ்பானர் எல்லாம் அந்த ஆவியிலேயே துருப்பிடிக்கும். பாஸ்பாரிக் ஆசிட் வாங்குங்க. 85 சதவீதம்னா 5 பங்கு தண்ணியில் 1 பங்கு. தண்ணியில் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்டில் தண்ணியை இல்லை. ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். நிழலில் வச்சு, பிரஷால் தடவி, 15-20 நிமிஷம் ஈரம் காயாம பார்த்துக்கிட்டு, பச்சை நாரால் தேய்ச்சுக் கழுவுங்க. வெயிலில் காய விட்டா பிசுபிசுன்னு வெள்ளைப் படலம் நிக்கும், பிரைமர் அதில் பிடிக்காது. காய்ஞ்சுட்டா அதே ஆசிட்டைத் திரும்பத் தடவி, ஈரமா இருக்கும்போதே கழுவி எடுங்க.

கழுவிச் சூடான காத்தில் காய வச்சு, ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. காலையில் தகடு பொதுவா சாம்பல் நிறமா இருந்து, சில குழி மட்டும் ஈரப்பசையோட கறுத்தோ சிவந்தோ இருந்தா அங்க உப்பு இன்னும் இருக்கு. அந்த இடத்தை மட்டும் வெந்நீரில் தேய்ச்சுக் கழுவி, திரும்ப ஆசிட், திரும்பக் கழுவல். புள்ளி வராத வரைக்கும் பிரைமர் டப்பாவைத் திறக்காதீங்க.

கீல், பின், கொக்கி மாதிரி சில்லறைச் சாமானை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போடுங்க. லிட்டருக்கு 80 கிராம், ஒரு ராத்திரி. எடுத்ததும் சமையல் சோடாத் தண்ணியில் அலசுங்க. ஸ்பிரிங்கை மட்டும் ஆசிட்டில் போடாதீங்க, ஹைட்ரஜன் ஏறி மொறுமொறுப்பாகி உடையும்.

தகடுதட்டி:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம்: ஆசிட் வேலையை வெல்டிங்குக்கும் தட்டுறதுக்கும் அப்புறம் வச்சுக்கங்க. பெயின்ட்டும் பொருக்கும் முதல்ல போகட்டும், பிறகு வெட்டு, வெல்டு, ஒடுக்கு, கடைசியில் ஆசிட்டும் கழுவலும். இல்லைனா வெல்டிங் சூடு பட்ட இடத்துக்கு மறுபடியும் அதே வேலை.

ஓட்டை விழுந்த இடத்தை அடைக்காதீங்க, வெட்டுங்க. கண்ணுக்குத் தெரியுற ஓட்டைக்கு வெளியே ஒரு இஞ்சாவது தள்ளி, முழு கனம் உள்ள வெள்ளைத் தகடு வர்ற வரைக்கும். துரு தின்ன மெல்லிசுத் தகட்டில் டார்ச் வச்சா ஊதிக்கிட்டு ஓட்டை பெருசாகிட்டே போகும். வெட்டின துண்டோட நல்ல ஓரத்தைக் காலிப்பரில் அளந்து அதே கனத்தில் புதுத் தகடு எடுங்க. 18 கேஜ்னா 1.2 மி.மீ. ஒட்டுத்துண்டோட மூலை வட்டமா இருக்கணும், கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். மேலே மேலே ஏத்தி ஒட்டக் கூடாது, ஓரத்தோட ஓரம் சேரணும், இடையில் 1 மி.மீ. சந்து.

கேஸ் வெல்டிங்கில் பத்த வைக்கிறேன்னா ஒத்துக்காதீங்க, அகலமான தரை நெளிஞ்சு போகும். சிஓ2 வெல்டிங், 0.8 மி.மீ. கம்பி. முதல்ல நாலு மூலையில் புள்ளி, பிறகு எதிரெதிர்ப் பக்கமா ஒரு இஞ்ச் இடைவெளியில் புள்ளி, அப்புறம் இடையில் நிரப்பணும். கை வச்சா சுடாத அளவுக்கு ஆறினதும்தான் அடுத்தது. ஒரே இழுப்பில் இழுக்கிற ஆளா இருந்தா வேற ஆளைப் பாருங்க. ஊதிக்கிற இடத்துக்குப் பின்னால் செம்புத் தகடு பிடிச்சா வெல்டு அதில் ஒட்டாது, ஓட்டை மூடிக்கும். குறுக்குச் சட்டம் பாரம் தாங்குறது, அதைத் துண்டு வச்சு ஒப்பேத்தாம அந்த நீளத்தையே மாத்துங்க. பழைய கனமும் பழைய மடிப்பும் அப்படியே இருக்கணும்.

சேஸ் பக்கத்தில் வெல்டிங் பண்ணினா பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, இல்லைனா ஆல்டர்னேட்டர் டயோடு போகும். டீசல் டேங்க், பிரேக் பைப் பக்கம் ஈரச் சாக்கு. கேபின் பின்கண்ணாடியையும் மூடுங்க, கிரைண்டர் பொறி கண்ணாடியில் பதிஞ்சா எடுக்கவே முடியாது.

இனி ஒடுக்கு. நடுவில் ஒரே போடு போட்டா தகடு நீளும், நீண்ட தகடு பழைய இடத்துக்கு வராது. இடி விழுந்தபோது கடைசியா உருவானது சுத்தி நிக்கிற வரம்பு, அதனால அதைத்தான் முதல்ல இறக்கணும். உங்க இடது சுவர் வெளியே பிதுங்கினது, அதனால் வரம்பு உள்பக்கம் எழும்பி நிக்கும். வெளியே பிதுக்கத்தோட உச்சியில் டாலியை (கையில் பிடிக்கிற இரும்புக் கட்டை) அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, உள்ளேயிருந்து வரம்பை லேசான சுத்தியலால் ஓரத்திலிருந்து நடு நோக்கிச் சுத்திச் சுத்தி தட்டிக்கிட்டு வாங்க. டாலிக்கு நேர் மேலே அடிக்காதீங்க, அது தகட்டை நீட்டும். அந்த அடி கடைசி மட்டப்படுத்தலுக்கு மட்டும், அதுவும் மெதுவா. மடிப்பு விழாத அகலமான பகுதிக்குக் கொட்டாப்புளி போதும். மேடு பள்ளம் பார்க்க, கறுப்பு மார்க்கரைத் தேய்ச்சு நீளக் கட்டையில் 80 நம்பர் உப்புத்தாள் சுத்தி ரெண்டு இழுப்பு இழுங்க. வெள்ளையானது மேடு, கறுப்பா நிக்கிறது பள்ளம். 2 மி.மீ.க்குள்ள பள்ளம் வந்துட்டா நிறுத்திடலாம்.

வலது மூலைக்குப் பின்னால் கை போகாதுன்னா தகட்டில் சின்ன ஆணியை (ஸ்டட்) வெல்டு வச்சு இழுக்கிற புல்லர் உள்ள கடைக்குக் கொடுங்க. ஓட்டை போட்டு ஸ்க்ரூ மாட்டி இழுக்கிற பழைய முறையில் ஒவ்வொரு ஓட்டையும் நாளைக்கு ஒரு துருப்புள்ளி.

கடலோரன்:

நன்றி அண்ணே. பின் டோர் "டப்" அடிக்கிறதுக்கும் சூடு காட்டணும்னு இங்க சொல்றாங்க. அப்புறம் பட்டி விஷயம் யாரும் சொல்லலையே?

தகடுதட்டி:

உடனே சூடு காட்டாதீங்க. முதல்ல டோரோட நாலு ஓர மடிப்பிலும் ஸ்டீல் ஸ்கேல் வச்சுப் பாருங்க. ஓரம் உள்ளே வளைஞ்சிருந்தா நடுத்தகட்டுக்கு இடம் பத்தாம அது பிதுங்கும். ஓரத்தை நிமிர்த்தினாலே பல நேரம் "டப்" போயிடும். போகலைன்னாதான் சூடு. பிதுக்கத்தோட உச்சியில் 10 ரூபா காசைவிடச் சின்ன வட்டம் மட்டும் சிவக்கணும். டாலியைப் பின்னால் தாங்கி, வட்டத்தைச் சுத்தித் தட்டி, சிவப்பு போனதும் ஈரத்துணி. ஒரு புள்ளி வச்சு முழுசா ஆற விட்டு அழுத்திப் பார்த்துட்டுத்தான் அடுத்த புள்ளி. அதிகமா சுருக்கிட்டா சுத்தி இழுத்துக்கும், அதைச் சரிக்கட்டுறது இதைவிடப் பெரிய வேலை.

சாயக்கலவை:

பட்டி, பெயின்ட் பகுதியை நான் சொல்றேன்.

ஆசிட் கழுவிக் காய்ந்த தகட்டை 80 நம்பரில் ஒருமுறை கீறி, தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே ரெண்டு பாகமா வர்ற எபாக்ஸி பிரைமர் அடிச்சுடுங்க. சிவப்பு ஆக்சைடு பிரைமர் மலிவு, கடற்கரைக்கு அது போதாது. எபாக்ஸி ரெண்டு கோட். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி டப்பாவில் போட்டிருக்கும், அந்த நேரம் தாண்டினால் 180 நம்பர் தேய்க்காம அடுத்ததை அடிக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பனி படியும்.

பட்டி எபாக்ஸிக்கு மேலே. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதை வெறும் தகட்டில் வைத்தால் அடியிலிருந்து துரு கிளம்பும். எபாக்ஸி நன்றாக இறுகினதும் 80 நம்பரில் கீறி வையுங்கள். 100 கிராம் பட்டிக்கு ஹார்ட்னர் 2 கிராம். நம்ம ஊர் வெயிலில் 4-5 நிமிஷத்தில் இறுகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்க. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் மிஞ்சினது மேல் பெயின்ட்டில் கறையாக ஏறும். அட்டையில் கலக்காம கண்ணாடியிலோ தகட்டிலோ கலக்குங்க. அடித்துக் கலக்கினால் காற்று புகுந்து ஊசித்துளை விழும், மடித்து மடித்துத் தேய்க்கணும். தேய்த்து முடித்த பிறகு 3 மி.மீ.க்கு மேல் பட்டி நிற்கிறது என்றால் டிங்கரிங் முடியவில்லை என்று அர்த்தம். 80, 120, 180 என்று தேய்க்கலாம், பட்டியில் தண்ணி போட்டுத் தேய்க்கக் கூடாது.

இதெல்லாம் சுவருக்கும் டோருக்கும். தரையில் ஒரு கரண்டி பட்டிகூட வைக்காதீங்க. பெட்டி விழுந்தால் வெடிக்கும், வெடிப்பில் தண்ணி போகும். தரையில் குழி தெரிந்தால் தெரியட்டும்.

எபாக்ஸிக்கு மேல் தகடு சேருகிற எல்லாச் சந்துக்கும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட். ஆனால் மேல்பக்கம் மட்டும். கீழ்விளிம்பையும் அடைத்தால் உள்ளே போன தண்ணி சிறைப்படும். பெயின்ட்டுக்கு முன்னாடியே தரையின் நாலு மூலையிலும் 12 மி.மீ. வடிகால் துளை போட்டு, பிசிறெடுத்து, துளையின் உள்விளிம்பிலும் எபாக்ஸி தொட்டு வையுங்கள்.

மேலே ரெண்டு பாக பியூ பெயின்ட். ஒன்றரை ஹெச்பியில் முழுத் தொட்டியையும் ஒரே மூச்சில் அடிக்க முடியாது, காற்று இறங்கி ஆரஞ்சுத்தோல் மாதிரி வரும். ஒரு சுவர், ஒரு டோர் என்று பிரித்து ஸ்பிரே கன்னில் 1.4 மி.மீ. நாசில் போட்டு அடிங்க. தரைக்கும் அடிப்பக்கத்துக்கும் எபாக்ஸியை ரோலரில் உருட்டினாலே போதும். பியூ ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கு. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, கார்பன் கேட்ரிஜ் மாஸ்க் வேணும். நிறத்தை மாத்தினால் ஆர்சியில் பதியணும், அதனால் பழைய நிறமே நல்லது.

பட்டறைவாசி:

வரிசைத் திருத்தம் சரிதான், ஆசிட் பின்னாடியே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சேர்த்துக்கங்க: குறுக்குச் சட்டத்தோட மூடின உள்பக்கத்துக்கு பெயின்ட் போகாது, நீள டியூப் வச்ச கேவிட்டி வேக்ஸ் (துரு தடுக்கிற மெழுகு) அடிக்கணும், அதுவும் எல்லா வெல்டிங்கும் முடிஞ்ச பிறகு. பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கச் சொல்லுவாங்க. அது ரப்பரை ஊறவச்சுக் கெடுக்கும், பின்னால் அங்க எந்த பெயின்ட்டும் ஒட்டாது. தரையில் ரப்பர் மேட் போடுறதா இருந்தா ராத்திரி தூக்கிச் சாய்ச்சு வைங்க. மீன் ஏத்தின அன்னைக்கு மேட்டுக்கு அடியிலயும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும்.