ஐந்து பேர் வேலை செய்யும் சங்கத்துக்கு எந்தப் பாஸ்வேர்ட் மனேஜர்?

பரந்தன்:
கிளிநொச்சியில் அலுவலகம், புதுக்குடியிருப்பில் கிளை. மொத்தம் ஐந்து பேர். ஜிமெயில், பேஸ்புக் பக்கம், இணையத்தளம், வைஃபை எல்லாத்தின்ர பாஸ்வேர்டும் ஒரு வட்ஸ்அப் குழுவில கிடக்கு. கிளையில சிக்னல் அடிக்கடி போகும். கணினி விண்டோஸ், போன் அன்ட்ரொயிட். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற செயலி ஒண்டு வேணும். பிட்வார்டனா, கீபாஸா? காசு கட்டாமல் முடியுமோ?

வவுனிக்குளம்:
தம்பி, முதல்ல பகிர வேண்டியதைக் குறையுங்கோ. பேஸ்புக் பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் பகிரத் தேவையே இல்லை. பக்க அமைப்பில அவரவர் சொந்தக் கணக்குக்கு அனுமதி குடுக்கலாம். ஜிமெயிலிலயும் கணினி வழியா அமைப்புகளுக்குள்ள போய், வேற ஜிமெயில் கணக்குக்குப் பொறுப்புக் குடுக்கும் வசதி இருக்கு. இப்பிடிப் பார்த்தால் மிஞ்சுறது இணையத்தளமும் வைஃபையும்தான். அதை ரெண்டு பேர் வைச்சிருந்தால் போதும்.

பிட்வார்டனில தனி ஆளுக்கு எத்தனை பாஸ்வேர்டும், எத்தனை கருவியும் இலவசம். பகிர்றதெண்டால் இலவசத்தில ரெண்டு பேர், ரெண்டு தொகுப்பு (பகிர்ற பாஸ்வேர்டுகளைப் போடும் அடுக்கு) மட்டும்தான். அதுக்கு மேல ஆளுக்கு மாதக் கட்டணம். காசை மிச்சம் பிடிக்க ஐந்து பேரும் ஒரே கணக்கால உள்ள போகாதேங்கோ. ஆர் எதை மாத்தினதெண்டு பிடிக்கேலாது, ஒருத்தர் விலகினால் பெட்டகம் முழுக்கத் திறக்கிற முதன்மைப் பாஸ்வேர்டையே மாத்த வேண்டி வரும்.

சிக்னல் இல்லாத நேரம் ஏற்கெனவே உள்ள போயிருந்தால் பாக்கலாம், புதுசாச் சேர்க்கவோ திருத்தவோ ஏலாது. அதால, கொஞ்ச நேரம் பாவிக்காமல் விட்டால் கணக்கை விட்டு வெளியேறாமல் பூட்டிக்கொள்ளும்படி அமைச்சு விடுங்கோ. வெளியேறினால் திரும்ப உள்ள போக இணையம் வேணும்.

ஒட்டுசுட்டான்:
கிளையில இணையம் அவ்வளவு மோசமெண்டால் கீபாஸ் வகையில கணினிக்கு இருக்கிற கீபாஸ்எக்ஸ்சி நல்லம். எல்லாம் பூட்டின ஒரே கோப்பு, சேவர் எதுவும் தேவையில்லை. போனில அதே கோப்பைக் கீபாஸ்டிஎக்ஸ் எண்ட செயலி திறக்கும். ரெண்டு இடத்தில ஒரே நேரம் திருத்தினால்தான் தலையிடி: கூகுள் டிரைவில ரெண்டு பிரதி வந்து, ஒருத்தர் செய்த மாற்றம் மற்றதில இராது. கீபாஸ்எக்ஸ்சியில ரெண்டு பிரதியையும் ஒண்டா இணைக்கும் கட்டளை இருக்கு. எண்டாலும் எழுதுற ஆள் ஒருத்தர், மற்றாக்கள் பாக்க மட்டும் எண்டு வைக்கிறதுதான் பாதுகாப்பு. ரெண்டு பென்டிரைவில பிரதி எடுத்து, ரெண்டு அலுவலகத்திலயும் ஒவ்வொண்டு வையுங்கோ.

பரந்தன்:
அப்ப பிட்வார்டனே சரிவரும் போல. முதன்மைப் பாஸ்வேர்ட் மறந்தால், அண்ணா?

வவுனிக்குளம்:
உங்கட கணக்குக்கு நிறுவனமே திறந்து தராது, அவையிட்ட திறப்பு இல்லை. அதால முதன்மைப் பாஸ்வேர்டுக்கு ஆறு பக்கத் தாயக்கட்டையால சொல் எடுங்கோ: ஐந்து கட்டை உருட்டினால், எண் போட்ட சொற்பட்டியலில இருக்கிற 7,776 சொல்லில ஒண்டு விழும், அப்பிடி ஆறு சொல். பிடிச்ச பாட்டுவரி, பிள்ளையின்ர பெயர் வேண்டாம். தாளில எழுதி அலுமாரியில பூட்டி வையுங்கோ.

இன்னொரு பொறி. இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பும் கேக்கிற வசதி) போடாட்டில், புதுப் போனில உள்ள போகேக்க மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வரும். அந்த மின்னஞ்சலின்ர பாஸ்வேர்ட் பெட்டகத்துக்குள்ள மட்டும் இருந்தால் ரெண்டும் பூட்டு. மின்னஞ்சல் பாஸ்வேர்டையும் அதே தாளில எழுதுங்கோ. இரட்டைச் சரிபார்ப்புப் போட்டால், பிட்வார்டன் தாற மீட்புக் குறியீட்டையும் சேர்த்து.

ஒட்டுசுட்டான்:
வட்ஸ்அப் குழுவை அழிச்சால் காணாது. பழைய போன்களிலயும் காப்புப் பிரதிகளிலயும் அது இருக்கும். குழுவில கிடந்த ஒவ்வொண்டையும் மாத்துங்கோ, மின்னஞ்சலை முதலில; மற்றதெல்லாம் அதுக்குள்ளாலதான் மீட்கலாம்.