காரிலிருந்து கேமரா பை திருட்டு: சி.எஸ்.ஆர். ரசீது போதாது என்கிறது காப்பீட்டு நிறுவனம், என்ன செய்வது?

அடையாறு நிழல்:
வணக்கம். சென்ற ஞாயிறு இரவு வடபழனியில் ஒரு திருமண வரவேற்பைப் படமெடுத்து முடித்துப் பந்திக்குப் போனேன். அந்த நேரத்தில், தெருவில் பூட்டி நிறுத்தியிருந்த காரின் பின் கண்ணாடியை உடைத்துக் கேமரா பையைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். மிரர்லெஸ் கேமரா ஒன்று, 24-70 மி.மீ. லென்ஸ், 85 மி.மீ. லென்ஸ், ஒரு ஃபிளாஷ். மெமரி கார்டுகள் நல்லவேளையாகச் சட்டைப் பையில் இருந்தன. இல்லாவிட்டால் மணப்பெண்ணின் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது?

அன்றிரவே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். "இதுவே போதும்" என்றார் காப்பீட்டு முகவர். காப்பீட்டு நிறுவனமோ முதல் தகவல் அறிக்கை வேண்டும் என்கிறது. என்னுடையது ஆல் ரிஸ்க் பாலிசி, அதாவது விலக்கியவை தவிர எல்லா வகை இழப்புக்குமானது. கிளெய்ம் படிவத்தில் "பொருளின் பயன்பாடு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது? 85 லென்ஸ் பழையதாக வாங்கியது, பில் இல்லை. அதற்கு ஏதாவது கிடைக்குமா?

தாம்பரம் கிளிக்:
பயன்பாடு என்ற இடத்தில் "பொழுதுபோக்கு" என்று எழுதிவிடுங்கள் அண்ணா. தொழில் என்று தெரிந்தால் தட்டிக் கழிப்பார்கள்.

ஓய்வுபெற்ற கிளை அலுவலர்:
தம்பி, அந்த யோசனையைக் கேட்காதீர்கள். கண்ணாடி உடைந்த இடம் திருமண மண்டப வாசல். நீங்கள் அங்கே விருந்தாளியாகப் போகவில்லை என்பது மண்டபக் காவலாளிக்கே தெரியும். கிளெய்மை ஆராய வரும் சர்வேயர் முதலில் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத்தான் பார்ப்பார். பொய் என்று தெரிந்தால், நியாயமாக வரவேண்டியதும் வராது.

நீங்கள் பார்க்க வேண்டியது பாலிசி எடுத்தபோது கொடுத்த முன்மொழிவுப் படிவத்தை. அதில் உங்கள் தொழில் என்னவென்று இருக்கிறது? வீட்டுப் பொருள்களுக்கான பாலிசியோடு கேமராவைச் சேர்த்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். அவற்றில் சம்பாதிக்கப் பயன்படும் கருவிகளைப் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். படிவத்தின் நகலை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். முகவர் வாய்மொழியாகச் சொன்னது எதுவும் நிற்காது.

இன்னொன்று: பை பின் இருக்கையில் வெளியே தெரியும்படி இருந்ததா, டிக்கியிலா? ஆளில்லாத வாகனத்திலிருந்து திருடு போனால் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் நிபந்தனை உண்டு. கதவும் கண்ணாடியும் முழுதாகப் பூட்டியிருந்து, உடைத்துத்தான் எடுத்தார்கள் என்றால் விதிவிலக்கு. ஆகவே உடைந்த கண்ணாடியின் படம், அதை மாற்றிய பணிமனை பில் இரண்டும் உங்களுக்குப் பொன் மாதிரி. பையை ஆட்டோவில் மறந்து விட்டவர்களுக்கு இந்த வழியே கிடையாது; அது திருட்டு அல்ல, தொலைத்தல்.

சட்டக் கோப்பு:
சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும். வழக்குப் பதிவானதாக ஆகாது. திருட்டு, பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களுக்கான சட்டம்) 303-ன் கீழ் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவு முதல் தகவல் அறிக்கையைப் பற்றியது. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதிக் காவல் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

ஆனால் சண்டைக்குப் போகும் முன், கேமரா, லென்ஸ் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் தாளில் தட்டச்சு செய்து கொண்டுபோய் ஆய்வாளரிடம் கொடுங்கள். "ஒரு கேமரா பை காணவில்லை" என்று எழுதிய புகார் ரசீதோடு நின்றுவிடுவது எளிது. மண்டபத்தின் சிசிடிவி பதிவையும் எழுத்து மூலம் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருக்கும், தாமதித்தால் போய்விடும்.

பூநாரை:
வரிசை எண் கையில் இல்லையென்றால் பழைய படக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கேமராக்கள் தங்கள் எண்ணைப் படத்தின் உள்தகவலில் பதிந்துவிடும். சில, லென்ஸின் எண்ணையும். பில் இல்லாத 85-க்கு அதுவும் விற்றவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் பணம் அனுப்பிய பதிவும்தான் சான்று. பாலிசி அட்டவணையில், அதாவது காப்பீடு செய்த பொருள்களின் பட்டியலில், அந்த லென்ஸ் தனியாக இருக்கிறதா?

இடையில் என் சந்தேகம் ஒன்று: பழவேற்காட்டில் பறவைப் படம் எடுத்தே என் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. அதற்குக் கிளெய்ம் உண்டா?

ஓய்வுபெற்ற கிளை அலுவலர்:
இல்லை அம்மா. பூஞ்சை, துரு, தேய்மானம் போல மெல்ல மெல்ல வருவதெல்லாம் விலக்கு. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் வந்ததுபோல ஒரே நாளில் வெள்ளம் புகுந்து நனைந்தால் கணக்கு வேறு. நம் ஊர் ஈரத்துக்கு, கேமராவை ஈரம் படாமல் வைக்கும் உலர் பெட்டிதான் மருந்து. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

அடையாறு நிழல்:
படிவ நகல் கிடைத்தது. "தொழில்: பகுதிநேரப் புகைப்படக் கலைஞர்" என்று நானே எழுதியிருக்கிறேன். பை டிக்கியில்தான் இருந்தது. கண்ணாடியை உடைத்துப் பின் இருக்கையைச் சாய்த்து எடுத்திருக்கிறார்கள். 85 லென்ஸ் அட்டவணையில் இல்லை. கேமராவுக்குக் காப்பீட்டுத் தொகை 1,20,000. இன்று புதிதாக வாங்கினால் 1,50,000.

ஓய்வுபெற்ற கிளை அலுவலர்:
அப்படியானால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். பட்டியலில் இல்லாத 85-ஐ மறந்துவிடுங்கள். கேமராவை அதன் மதிப்பில் 80 சதவீதத்துக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள். உங்கள் பாலிசியில் விகிதாசார விதி (காப்பீடு செய்த விகிதத்துக்கே இழப்பீடு என்பது) இருந்தால், அதே கேமரா விழுந்து 50,000 ரூபாய் பழுது வந்தாலும் 40,000-தான் கணக்கில் வரும். முழுதாகப் போன பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். அதன் பிறகு நீங்களே ஏற்க வேண்டிய முதல் பங்கும் கழியும்.

அடையாறு நிழல்:
வரிசை எண்களோடு மனு கொடுத்தேன். முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டது. நிறுவனம் இப்போது இன்னொரு தாள் கேட்கிறது: பொருள் கிடைக்கவில்லை என்று காவல் துறை தரும் சான்றிதழ்.

சட்டக் கோப்பு:
அதை விசாரணை முடிந்த பிறகுதான் தருவார்கள். இப்போதே விண்ணப்பித்து, விண்ணப்பத்தின் நகலை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். பிற்பாடு கிளெய்மை நிராகரித்தால் முதலில் அவர்களுடைய குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணமும் இல்லை, எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு வேலையும் இல்லை.