பசுமைச் சான்றிதழ்: மின்சாரச் சேமிப்பு 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வி (காரைக்குடி, கட்டுமான நிறுவனம்):
காரைக்குடியில், தரைத்தளத்தில் கடைகளும் மேலே மூன்று தளங்களில் அலுவலகங்களுமாக, ஏறத்தாழ 32,000 சதுர அடியில் வாடகைக்கு விடுவதற்கான கட்டடம் ஒன்றை எழுப்பவிருக்கிறோம். வளரும் நாடுகளுக்கென உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. (சர்வதேச நிதிக் கழகம்) உருவாக்கிய ‘எட்ஜ்’ பசுமைக் கட்டடச் சான்றிதழைப் பெற எண்ணி, அதன் செயலியில் விவரங்களை நாங்களே நிரப்பினோம். மின்சாரத்தில் 27, தண்ணீரில் 31, கட்டுமானப் பொருட்களில் (அவற்றைத் தயாரிக்கச் செலவாகும் ஆற்றலில்) 16 விழுக்காடு சேமிப்பு என்று அது காட்டியது. வரைபட நிலையிலேயே தணிக்கையாளர் வி.ஆர்.எஃப். என்னும் மின்சிக்கனக் குளிர்சாதனத்தையும் எல்.இ.டி. விளக்குகளையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதால் மின்சாரச் சேமிப்பு 14-க்கு வந்துவிட்டது. தளம் முழுவதும் ஆத்தங்குடிக் கல் பதிப்பதாகக் குறிப்பிட்டும் பொருட்களின் அளவு பெரிதாக ஏறவில்லை. தண்ணீரில் தேவையான 20-க்கு மேல் மிகுதியாக இருக்கும் 11 விழுக்காட்டை மற்ற இரண்டிற்கும் ஈடாகக் காட்ட வழி உண்டா?

பதில் (மதுரை, பசுமைக் கட்டட ஆலோசகர்):
வழி இல்லை, ஐயா. லீட், ஐ.ஜி.பி.சி. போன்ற மற்றப் பசுமைச் சான்றிதழ்கள் மதிப்பெண் முறையில் அமைந்தவை. கட்டாய நிபந்தனைகளைத் தாண்டிவிட்டால், ஓரிடத்தில் விட்ட மதிப்பெண்ணை வேறிடத்தில் எடுத்துக்கொள்ளலாம். எட்ஜில் மூன்று தலைப்புகளிலும் தனித்தனியே 20 விழுக்காட்டைத் தொட்டாக வேண்டும்.

தணிக்கையாளர் செய்ததில் தவறில்லை என்றே நினைக்கிறேன். உங்களுடையது கூடாக மட்டும் கட்டி ஒப்படைக்கும் கட்டடம். குளிர்சாதனத்தையும் விளக்கையும் குடிவருபவர் பொருத்துவார் என்றால், அவர் எதைப் பொருத்துவார் என்பதற்கு இன்றைக்குச் சான்று ஏது? இன்ன தரத்திற்குக் குறையாத கருவிகளையே பொருத்துவேன் என்று வாடகை ஒப்பந்தத்தில் அவரைக் கட்டுப்படுத்தும் பிரிவு இருந்தால் அவற்றை மீண்டும் சேர்க்கக் கேட்கலாம். ஆனாலும் வரப்போகிறவரின் கையொப்பத்தை நம்பிக் கணக்கை நிறுத்துவதைவிட, உங்கள் கையில் இருக்கும் சுவர், சன்னல், கூரை ஆகியவற்றிலேயே 20-ஐத் தாண்டிக்கொள்வது நல்லது. முகப்பு எந்தத் திசை, கண்ணாடி எவ்வளவு?

கேள்வி கேட்டவர்:
மேற்குப் பார்த்த முகப்பு; அந்தச் சுவரில் மட்டும் 70 விழுக்காட்டுக்கு மேல் கண்ணாடி. கண்ணாடி இல்லையென்றால் வங்கிக் கிளைகளோ துணிக்கடைகளோ வாடகைக்கு வரமாட்டா என்பது எங்கள் பங்குதாரரின் உறுதியான எண்ணம்.

பதில் (தேவகோட்டை, ஓய்வுபெற்ற பொறியாளர்):
தம்பி, உங்கள் கோளாறு அந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது. பிற்பகல் வெயில் முழுவதையும் உள்ளே வாங்கிக்கொண்டு, பிறகு அதை வெளியேற்ற மின்சாரம் செலவழிப்பது எந்தக் கணக்கிலும் சேமிப்பாகாது. 2017-ஆம் ஆண்டின் எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பும் அதன் நேர்வழி முறையில் (ஒவ்வொரு பகுதிக்கும் வரம்பு வகுக்கும் முறையில்) கண்ணாடியைச் சுவர்ப் பரப்பில் 40 விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொல்கிறது. நம் ஊர் வீடுகளில் திண்ணையும் முகப்புக் கூடமும் தெருப்பக்க வெயிலை உள்ளே விடாமல் தடுத்துவிடும் என்பதை உங்கள் பங்குதாரரும் பார்த்து வளர்ந்தவர்தானே! தரைத்தளத்துக் கடைகளுக்குக் கண்ணாடி இருக்கட்டும். மேல்தளங்களில் அதைக் குறைத்து, மேற்கே ஆழமான நிழல்தடுப்புகளை இறக்குங்கள். மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதியுங்கள். நடைவழிகளை மூடிக் குளிரூட்டாமல் காற்றோட்டத்திற்குத் திறந்துவிட்டால் அதுவும் தனியாகக் கணக்கில் சேரும்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாமல் தண்ணீரில் ஊறிக் கெட்டிப்படுவது என்பதால், அதைத் தேர்ந்தெடுத்ததில் பிழையில்லை. ஆனால் பொருட்களின் கணக்கில் பெரும்பங்கு கான்கிரீட் தளத்திற்கும் அதிலுள்ள கம்பிக்கும் சுவருக்கும்தான்; மேலே பதிக்கும் கல் சிறுபங்கே. சுவருக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர்:
சூளையில் சுட்ட சேம்பர் செங்கல் என்று நிரப்பியிருந்தோம், ஐயா. தாங்கள் சுட்டிக்காட்டிய பிறகு அதை ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லாக மாற்றி, கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலோடு தளத்தின் கனத்தையும் சற்றுக் குறைத்துப் பார்த்ததில் பொருட்கள் 24-க்கு ஏறிவிட்டன. மேல்தளக் கண்ணாடியை 35 விழுக்காடாக்கி, நிழல்தடுப்பும் வெள்ளை ஓடும் திறந்த நடைவழியும் சேர்த்ததில் மின்சாரம் 21-இல் நிற்கிறது. பங்குதாரர் அரைமனதாகத்தான் சம்மதித்திருக்கிறார். இருபதுக்கு மிக அருகில் இருப்பதால், ஒப்பந்தப் பிரிவையும் வழக்கறிஞரிடம் எழுதக் கொடுத்திருக்கிறோம்.

பதில் (மதுரை, பசுமைக் கட்டட ஆலோசகர்):
நல்லது. இப்போது கிடைப்பது வரைபடத்திற்கான முதற்கட்டச் சான்றிதழ். இறுதிச் சான்றிதழ் கட்டி முடித்த பிறகு நடக்கும் நேரடித் தணிக்கையைப் பொறுத்தது. பூச்சு வேலை முடிந்த சுவருக்குள் எந்தக் கல் இருக்கிறது என்று அப்போது யாராலும் காட்ட முடியாது. ஆகையால் கல் வந்திறங்கும் ஒவ்வொரு லாரிக்கும் ரசீதை வாங்கி வைத்துக்கொண்டு, பூசுவதற்கு முன்பே தளம்தோறும் சுவர்களைத் தேதியோடு படமெடுத்துவிடச் சொல்லி மேற்பார்வையாளரிடம் இன்றே கூறிவிடுங்கள்.